ஒரு ஊர்ல ஒரு ஆயா இருந்துச்சாம்

அம்பத்தூரில் எங்கள் தெருக் கடைசி வீட்டு மாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை உண்டு. கொரோனா ஓய்ந்து பள்ளிகள் திறந்த பிறகு, 2022-ல், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விசாரித்தால் 'இல்லம் தேடிக் கல்வி' என்றார்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் மறந்துபோனதை மீட்டுக் கொடுக்க 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அந்தந்தத் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவுக்கு அந்த வீட்டு மருமகள்தான் தன்னார்வலர்.

ஒரு நாள் பால் வாங்கப் போனபோது அந்தப் பெண் என்னை நிறுத்தினாள்.

"சார், நீங்க வீட்ல சும்மாத்தானே இருக்கீங்க?"

பென்ஷன் வாங்குகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஆனால் உண்மை. தலையாட்டினேன்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்க சார். என்கிட்ட மூணாவது, நாலாவது பசங்க பதினோரு பேர் இருக்காங்க. கதை சொல்லச் சொன்னா அருவி மாதிரி கொட்டுதுங்க. அதையே எழுதச் சொன்னா பென்சிலைக் கடிச்சிக்கிட்டு உக்காந்துடுதுங்க. முதல் வரியே வர மாட்டேங்குது."

"முதல் வரியா? ஓர் ஊரில் ஓர் அரசன் இருந்தான். அதுதானே?"

"அதேதான் சார். அதுதான் வரலை."

ஒரு வரிக்கு இவ்வளவு கவலையா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து ஒரு காகிதத்தில் அந்த வரியை எழுதிப் பார்த்தேன். எட்டு வயதுக் கையோடு பார்க்க வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, தமிழில் ஒரு பிள்ளை எழுதக்கூடிய வரிகளிலேயே சிரமமான வரிகளில் இது ஒன்று.

முதல் எழுத்து 'ஓ'. கீழே சுழித்துக்கொண்டு போக வேண்டும். சுழிக்காவிட்டால் 'ஒ' ஆகிவிடும். அடுத்து 'ஊ'. ஒரு 'உ' போட்டு, அதன் மேல் குட்டியாக ஒரு 'ள' உட்கார வைக்க வேண்டும். பிள்ளைகள் அதை 'உள' என்று எழுதுகிறார்கள், 'உள' என்றே படிக்கவும் செய்கிறார்கள். பிறகு 'ர்', 'ரி', 'ர', 'ரு' என்று ஒரே வரியில் நான்கு வேஷம். 'இருந்தான்' என்பதில் முதலில் 'ந்', கடைசியில் 'ன்'. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். போதாததற்கு 'ஒரு' என்று வாயில் வருவதை 'ஓர்' என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் பின்னால் உயிரெழுத்து வருகிறது. இத்தனை கண்ணிவெடிகளைத் தாண்டின பிறகுதான் ராஜாவையே பார்க்க முடியும்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று மறுநாள் போனேன்.

பதினோரு பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்காம் வகுப்பு. அம்மா எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை. (வெளியூர் நண்பர்களுக்காக: அம்பத்தூரில் 'எஸ்டேட்' என்றால் தேயிலை எஸ்டேட் இல்லை, 1960-களில் வந்த தொழிற்பேட்டை. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதி அதை நம்பித்தான் வந்தவை.) அம்மா வேலை முடிந்து வரும் வரை ஆயாதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். சென்னைப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பார்கள்.

"கதை சொல்லு பாப்பா" என்றேன்.

"ஒரு ஊர்ல ஒரு ஆயா இருந்துச்சாம். அது மரத்தடியில உக்காந்து வடை சுட்டுச்சாம். எண்ணெ சொய்ங்குனு சத்தம் போட்டுச்சாம். மரத்து மேல ஒரு காக்கா இருந்துச்சாம். அதுக்கு நல்லா பசிச்சாம்..."

கை, கண், மூக்கு எல்லாம் சேர்ந்து கதை சொன்னது. காக்கா இறங்கி வரும்போது எதிரே இருந்த பையன் நிஜமாகவே தலையைக் குனிந்துகொண்டான். நரி பேசும்போது குரலையே மாற்றிக்கொண்டாள்.

"பிரமாதம். இதை அப்படியே எழுது."

நோட்டை எடுத்தாள். மேலே பிள்ளையார் சுழி போட்டாள். கீழே 'ஓர்' என்று எழுதினாள். அழித்தாள். திரும்ப எழுதினாள். திரும்ப அழித்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, இனிமேல் இது நமக்கு வராது என்று முடிவு செய்துவிட்ட முகம் அது.

அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

நான் 1949-ல் காரைக்காலில் பிறந்தவன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இடைப்பட்ட அந்த எட்டு வருடத்தில் என் ஆரம்பப் படிப்பெல்லாம் பிரெஞ்சில் நடந்தது. கணக்கும் பிரெஞ்சு, பூகோளமும் பிரெஞ்சு. தமிழ் என்பது வீட்டில் பேசுகிற சமாச்சாரம். காரைக்காலில் கடலைப் பார்த்தபடி வளர்ந்தவன், பாரிஸில் ஓடும் ஆற்றின் பெயரைத்தான் முதலில் எழுத்துக் கூட்டி எழுதினேன்.

கதை எப்படித் தொடங்கும் என்று எங்களுக்கு அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். 'இல் எத்தே யூன் ஃபுவா.' முன்னொரு காலத்தில் ஒரு முறை இருந்தது, என்கிற மாதிரி. 1697-ல் வந்த பெரோவின் கதைகளிலிருந்து இன்றுவரை பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அதுதான் கதவு. அந்த வாக்கியத்தை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். வளைவு நெளிவு தப்பாமல், மைக்கூட்டில் நிப்பைத் தொட்டுத் தொட்டு.

வீட்டில் என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராத்திரி திண்ணையில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் படுத்திருப்போம். அவள் கதை சொல்லும்போது யாராவது ஒருவர் 'ம்' கொட்ட வேண்டும். இது சட்டம். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியாடா?" என்பாள். ஆக, பகலில் 'இல் எத்தே யூன் ஃபுவா', ராத்திரியில் 'ஒரு ஊர்ல'. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டன. எனக்கு ஒன்பது வயது இருக்கும். லா ஃபொந்தேன் 1668-ல் வெளியிட்ட நீதிக்கதைகளில் காக்கையும் நரியும் உண்டு. அதை நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். அங்கே காக்கையின் வாயில் வடை இல்லை, பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டியை அதுவரை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. அதைவிட எனக்கு ஆச்சரியமான விஷயம், அந்தக் கதையில் பாட்டியே கிடையாது! காக்கை ஏற்கெனவே மரத்தில் இருக்கிறது, வாயில் கட்டியும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது, யாரிடமிருந்து திருடியது என்று ஒரு கேள்வியும் இல்லை.

ஒரு நாள் முசே அந்தக் கதையைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னார். (காரைக்கால், புதுச்சேரியில் வாத்தியாரை முசே என்போம்.) நான் உற்சாகமாகப் பாட்டியைக் கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைத்தேன். அப்பாயி சொன்னபடியே எழுத வேண்டும் என்று ஆசை. அவள் வாக்கியம் ஒவ்வொன்றும் 'ஆம்' என்று முடியும். இருந்தாளாம், சுட்டாளாம், பார்த்ததாம். அதற்குப் பிரெஞ்சில் என்ன செய்வது? யோசித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஒன் தி கெ' என்று சேர்த்தேன். 'சொல்கிறார்கள்' என்று அர்த்தம். ஒரு பாட்டி இருந்தாள் என்று சொல்கிறார்கள். அவள் வடை சுட்டாள் என்று சொல்கிறார்கள். காக்கை வந்தது என்று சொல்கிறார்கள்.

முசே அதை வகுப்பில் உரக்கப் படித்தார். ஒவ்வொரு 'சொல்கிறார்கள்' வரும்போதும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். மூன்றாவது தடவை நான் எழுந்து, "என் அப்பாயி" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நோட்டு திரும்பி வந்தபோது எல்லா 'ஒன் தி கெ'யும் சிவப்பு மையில் வெட்டப்பட்டிருந்தது. ஐந்து தப்புக்கு மேல் போனால் பூஜ்யம் என்பது அந்தக் காலத்து பிரெஞ்சு திக்தே கணக்கு. என் கதையில் பதினொன்று இருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. இலக்கணப்படி அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் நான் கதை எழுதியதே இல்லை. எந்த மொழியிலும்.

அப்பா போன பிறகு குடும்பம் மெட்ராஸுக்கு வந்தது. தமிழ் எழுத்தை நான் உருப்படியாகக் கற்றது அதற்கப்புறம்தான், பதினாறு வயதில். தனியாகப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, 1971-ல் அரசாங்க வேலையில் சேர்ந்தேன். முப்பத்தாறு வருடம். 1978-ல் 'லை', 'னை', 'றா' போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றி ஆணை வந்தபோது ஆபீசில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். தாமதமாகக் கற்றுக்கொண்டவன் என்பதால் எனக்கு மட்டும் சந்தோஷம்.

ஆபீசிலும் முதல் வரி உண்டு. பொருள், பார்வை, அதற்கப்புறம் 'பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது.' அதை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ. இன்னொன்றும் எழுதுவோம்: 'எனத் தெரிவிக்கப்பட்டுள்ளது', 'எனத் தெரிய வருகிறது'. கிராம நிர்வாக அலுவலர் சொன்னதை நான் சொன்னதாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக வரும் வால் அது. ரிட்டையர் ஆன பிறகு ஒரு நாள் தோன்றியது: இது என் அப்பாயியின் 'ஆம்'தானே! கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சொல்லவில்லையப்பா, எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன். ஒன்பது வயதில் பூஜ்யம் வாங்கித் தந்த அதே விஷயம் முப்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கித் தந்தது.

இப்போது மாடிக் கொட்டகைக்கு வருவோம்.

ஓட்டை விழுந்த நோட்டோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, கதை சொல்லும்போது அவளுக்கு இருந்தது என்ன, எழுதும்போது இல்லாதது என்ன என்று யோசித்தேன். எழுத்து தெரியாத பெண் இல்லை அவள். நடைபாதைக் கடைப் பலகைகளை எல்லாம் படிக்கிறாள். வார்த்தையும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. கேட்கிற ஆள்தான் இல்லை. சொல்லும்போது எதிரே பத்து முகம். எழுதும்போது எதிரே வெள்ளைக் காகிதம். காகிதம் 'ம்' கொட்டாது.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். (இந்த வயதில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம்.) நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுத்தேன்.

"நீ சொல்ற மாதிரியே எழுது. தப்பு வந்தா வரட்டும். அழிக்கக் கூடாது. ஒவ்வொரு வார்த்தை எழுதினதும் வாய்விட்டுச் சொல்லு. நான் 'ம்' சொல்றேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"ஒரு."

"ம்."

"ஊர்ல."

"ம்."

"ஒரு ஆயா."

"ம்ம்."

"இருந்துச்சாம்."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்' கேட்டதும் பலப்பம் ஓட ஆரம்பித்தது. சிலேட்டு நிரம்பியது. திருப்பிப் போட்டு எழுதினாள். 'ஊ' வழக்கம்போல 'உள' ஆகியிருந்தது. 'சுட்டுச்சாம்' என்பதில் ஒரு 'ட்' குறைந்தது. ஆனால் எண்ணெயின் 'சொய்ங்' சத்தம் முழுசாக இருந்தது.

இதுதான் நான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அப்பாயியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்த சில வாரங்கள் பதினோரு பேருக்கும் இதையே செய்தோம். நான் ஒருவன் எத்தனை பேருக்கு 'ம்' கொட்டுவது? பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தோம். ஒருவர் எழுத, ஒருவர் 'ம்' கொட்ட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பையன் 'ம்' கொட்டுவதில் எங்கள் தெருவிலேயே நிபுணன் ஆகிவிட்டான். ஆச்சரியத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, நம்பாததற்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தான்.

தொடக்கத்துக்கு மூன்று ஆணி அடித்துக் கொடுத்தேன். எந்த ஊர்? யார் இருந்தார்? அப்புறம், 'ஒரு நாள்'. இந்த 'ஒரு நாள்' முக்கியம். அது வரும் வரை கதை உட்கார்ந்திருக்கும். வந்ததும் எழுந்து நடக்கும். பிரெஞ்சில் இதற்கு வினைச்சொல்லின் காலமே மாறும். 'இருந்தான்' என்பதற்கு ஒரு வடிவம், 'ஒரு நாள் புறப்பட்டான்' என்பதற்கு வேறு வடிவம். தமிழில் அந்த வேலையை 'ஒரு நாள்' என்ற இரண்டு சொல் செய்துவிடுகிறது.

பிள்ளைகளில் இரண்டு பேர் வீட்டில் தமிழ் பேசாதவர்கள். ஒருவன் பீகாரிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். அவன் எழுதினது: 'ஒரு இருந்தான் ராஜா'. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரைக்கால் வகுப்பு ஞாபகம் வந்தது. "உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டேன். "ஏக் தா ராஜா" என்றான். ஹிந்தியில் 'இருந்தார்' முன்னால் வந்துவிடுகிறது, ராஜா பின்னால் வருகிறார். பையன் தப்பு செய்யவில்லை, அவன் அம்மாவின் கதையைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறான். இன்னொருத்தி வீட்டில் தெலுங்கு. அவள் பாட்டி 'அனகனகா ஒக ராஜு' என்று தொடங்குவாளாம். தெலுங்கில் 'அனு' என்றால் சொல்லுதல். அங்கேயும் பாருங்கள், ராஜா வருவதற்கு முன்னாலேயே 'சொல்கிறார்கள்' வந்துவிடுகிறது! என் முசே இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் பூஜ்யம்தான்.

இரண்டு தொடக்கத்தையும் தமிழ் எழுத்திலேயே பலகையில் எழுதி வைத்தோம். எல்லாப் பிள்ளைகளும் மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்தார்கள். அன்று அந்த பீகார்ப் பையன் வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதிவிட்டால் பொய்யாகிவிடும். தன்னார்வலப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரு சின்னத் தகராறு.

"சார், பசங்க எழுதறது சந்தோஷம்தான். ஆனா 'ஊர்ல', 'இருந்துச்சாம்'னு எழுதினா ஸ்கூல்ல மார்க் போட மாட்டாங்களே. 'ஓர் ஊரில் ஒரு பாட்டி இருந்தார்'னுதானே எழுதணும்? நாளைக்கு டீச்சர் என்னைத்தானே கேப்பாங்க?"

அவள் கவலை நியாயமானது. அந்த வருடம் ஜூன் 13-ல்தான் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்திருந்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும், 2025-க்குள் இதைச் சாதிக்க வேண்டும் என்பது குறி. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் அழகாக இருக்கிறது. யாரையும் மக்கு என்று சொல்லவில்லை. அரும்பிலேயே நின்றுகொண்டிருக்கிற பிள்ளையை மொட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பொறுப்பு இந்தப் பெண்ணைப் போன்றவர்கள் தலையிலும் இருந்தது.

"இலக்கணம் வேண்டாம்னு நான் சொல்லலைம்மா. எப்போ சொல்றோம்கிறதுதான் பேச்சு. எழுதும்போது சொன்னா கை நின்னுடும். எழுதி முடிச்சு, படிச்சுக் காட்டி, எல்லாரும் கை தட்டின பிறகு சொன்னா காதுல ஏறும்."

ஒரு வழியாக உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். திங்கட்கிழமை 'ஓர்' மட்டும். செவ்வாய்க்கிழமை 'ஊர்ல' என்பதை 'ஊரில்' ஆக்குவது மட்டும். 'ஓர்' சொல்லிக் கொடுக்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சிலும் இந்த வழக்கம் உண்டு: 'இந்தப் புத்தகம்' என்பதற்கு 'ஸ' போதும், 'இந்த மரம்' என்பதற்கு மரத்தின் முதல் எழுத்து உயிர் என்பதால் 'செத்' ஆகிவிடும். இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் நாக்கு தடுக்கும். பிள்ளைகளை 'ஒரு ஊர், ஒரு ஊர், ஒரு ஊர்' என்று வேகமாகப் பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். நாக்கு குழறி விழுந்தார்கள். பிறகு 'ஓர் ஊர், ஓர் ஊர்' என்று சொல்லச் சொன்னேன். வழுக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறம் யாருக்கும் விதி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

'ஆம்' விஷயத்தில் மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. 'இருந்துச்சாம்' என்பதை 'இருந்தாராம்' என்று மாற்றிக்கொள்ளலாம், மரியாதையாக இருக்கும். 'ஆம்' போகக் கூடாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஏன் சார் அது மேல இவ்வளவு பிரியம்?" என்றாள். காரைக்கால் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பலகையில், 'ஓர் ஊரில் ஓர் ஆயா இருந்தாராம்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். 'பாட்டி' என்றுகூட மாற்றவில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

அந்த ஆயாவின் பேத்தி ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, நாங்கதான் எழுதறோம். நீங்க ஏன் எழுதறதில்ல?"

"எனக்கு வராது பாப்பா."

"நான் 'ம்' சொல்றேன். எழுதுங்க."

சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. அறுபத்து நான்கு வருடத்துக்கு அப்புறம் அப்பாயியின் கதையை எடுத்தேன். வடைக் கதை இல்லை. அது எல்லார் வீட்டிலும் உண்டு. அவள் மட்டுமே சொல்லி நான் கேட்ட ஒரு கதை.

"ஓர் ஊரில் உப்பு விற்கிறவள் ஒருத்தி இருந்தாளாம்."

"ம்."

"அவளுக்கு ஏழு பிள்ளைகளாம்."

"ம்."

"ஏழு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஒரு குடைதானாம்."

"ம்ம்!"

"ஒரு நாள், அவள் உப்புக் கூடையோடு சந்தைக்குப் போகும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்ததாம்."

"அப்புறம்?"

பலப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மழை வந்ததா? உப்பு கரைந்ததா? குடை யாரிடம் இருந்தது? ஏழு பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? எத்தனை ராத்திரி கேட்ட கதை! தூங்காமல் கடைசிவரை 'ம்' கொட்டியிருக்கிறேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. கதை போய்விட்டது. அப்பாயி 1966-ல் போய்விட்டாள். கூடப் படுத்திருந்த பிள்ளைகளில் இப்போது இருப்பது நான் ஒருவன்தான். தொடக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது.

"மறந்துபோச்சு பாப்பா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் சிலேட்டையே பார்த்தாள். "பரவால்ல தாத்தா" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டாள். என் வரிகளுக்குக் கீழே, தன் கையெழுத்தில், 'அப்போ ஏழு பசங்களும் ஓடி வந்தாங்களாம்' என்று எழுதினாள். 'ஏ' சரியாக வந்திருந்தது.

எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். எதற்கோ காத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ம்" என்றேன்.

அந்த மையம் இப்போது அந்த மாடியில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்த உப்புக்காரியின் கதை நான்கு பக்க நோட்டில் என் பீரோவில் இருக்கிறது. தொடக்கம் என் அப்பாயி, மீதி அம்பத்தூர் நான்காம் வகுப்பு. மூலக் கதை எப்படி முடிந்ததோ, இதில் ஏழு பேரும் ஒரே குடைக்குள் நின்று உப்புக் கூடையை நடுவில் வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

இதைப் படிக்கிற நண்பர்கள் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். உங்கள் வீட்டுப் பாட்டி சொன்ன கதை ஒன்றாவது ஞாபகம் இருந்தால், முடிவு ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். முதல் வரி வரவில்லை என்றால் பக்கத்தில் ஒரு பேரனையோ பேத்தியையோ உட்கார வைத்து, 'ம்' கொட்டச் சொல்லுங்கள்.